இரத்தக்குழாய் அழற்சியை ஸ்கேனில் கண்டுபிடிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

வாதநோய்ப் பிரிவில் ஸ்கேன் கற்க வருகிறவர்கள் முதல் நாளே, தோலில் வைத்துப் பார்க்கும் புரோபைக் கையில் எடுத்துவிடுகிறார்கள். பாதித் தவறுகள் அந்த அவசரத்திலேயே பிறக்கின்றன. புரோபை வைப்பதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டியவை சில இருக்கின்றன. அவற்றைச் செய்துவிட்டு வந்தவருக்குத்தான் திரையில் தெரிவது பொருள் தரும்.

இங்கே பெரும்பாலும் ஜயன்ட் செல் ஆர்டெரைட்டிஸ் பற்றியே பேசுகிறேன். 50 வயதைத் தாண்டியவர்களுக்கு வரும் பெரிய இரத்தக்குழாய் அழற்சி அது. நெற்றிப்பொட்டிலும் அக்குளிலும் ஓடும் தமனிகளை, சிலருக்குப் பெருந்தமனியையும், தாக்கும். கவனிக்காமல் விட்டால் பார்வையைப் பறித்துவிடும். ஸ்கேன் முடிவு சிகிச்சையை நேரடியாக மாற்றுவதும் இந்த நோயில்தான். இளையவர்களுக்கு வரும் தக்காயாசு நோயைத் தேவையான இடத்தில் சேர்த்துக்கொள்கிறேன்.

1. முதலில் சந்தேகத்தை எடைபோடுங்கள்

ஸ்கேன் கேட்டு வரும் தாளில் "தலைவலி" என்று மட்டும் எழுதியிருந்தால் அப்படியே படுக்க வைத்துவிடாதீர்கள். ஐந்து நிமிடம் பேசுங்கள். தலைவலி புதிதா, பழையதா? சாப்பாட்டை மெல்லும்போது தாடை வலித்து, நிறுத்தினால் குறைகிறதா? தலை வாரும்போது சீப்பு பட்டால் வலிக்கிறதா? பார்வை ஒரு கணம் மங்கித் திரும்பியதா, எல்லாம் இரண்டாகத் தெரிந்ததா? காலையில் தோளும் இடுப்பும் இறுகிப்போய்க் கையைத் தூக்க முடியாமல் இருக்கிறதா? கடைசியாகச் சொன்னது பாலிமயால்ஜியா ருமாட்டிகாவின் அடையாளம். இந்த நோயோடு அது அடிக்கடி சேர்ந்தே வரும்.

பிறகு அழற்சியைக் காட்டும் இரத்தச் சோதனைகளான இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. முடிவுகளைப் பாருங்கள். இரண்டும் இயல்பாக இருந்தால் சந்தேகம் வெகுவாகக் குறையும். ஸ்டீராய்டு தொடங்கிய பிறகு எடுத்த இரத்தமா என்பதையும் கேளுங்கள். மருந்து உள்ளே போன பிறகு இறங்கிய சி.ஆர்.பி.யை வைத்து நோய் இல்லை என்று சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இதற்கெல்லாம் காரணம் இருக்கிறது. சந்தேகம் வலுவாக இருந்து ஸ்கேனும் நோயைக் காட்டினால் வேறு சோதனையே தேவையில்லை. சந்தேகம் மிகக் குறைவாக இருந்து ஸ்கேனும் சுத்தமாக இருந்தால் வேறு நோயைத் தேடலாம். சந்தேகமும் படமும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாதபோதுதான் அடுத்த சோதனை, அதாவது பயாப்ஸி அல்லது வேறொரு ஸ்கேன். ஆகவே சந்தேகத்தின் அளவை ஸ்கேனுக்கு முன்பே குறைவு, நடுத்தரம், அதிகம் என்று தாளில் எழுதிவிடுங்கள். படத்தைப் பார்த்த பிறகு எழுதினால் நம்மை அறியாமலே படத்துக்கு ஏற்றபடி சந்தேகத்தை வளைத்துக்கொள்வோம்.

கூடவே இரண்டு கைகளிலும் இரத்த அழுத்தம் எடுங்கள், நாடியைத் தொட்டுப் பாருங்கள், கழுத்திலும் காறை எலும்புக்கு மேலும் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேளுங்கள். ஒரு கையில் அழுத்தம் குறைந்திருந்தால் ஸ்கேனை எங்கே தொடங்குவது என்று உடம்பே சொல்லிவிட்டது.

2. மருந்தைக் காக்க வைக்காதீர்கள், ஸ்கேனையும் காக்க வைக்காதீர்கள்

இந்த இரண்டும் முரண்போலத் தெரியும். சந்தேகம் வலுவாக இருக்கும்போது, முக்கியமாகப் பார்வைக் கோளாறு தொடங்கியிருந்தால், ஸ்கேனுக்கு இடம் கிடைக்கட்டும் என்று ஸ்டீராய்டை நிறுத்திவைக்கக் கூடாது. ஒரு கண் போன பிறகு மறு கண்ணும் சில நாட்களில் போகலாம். போன பார்வை திரும்புவது அரிது.

ஆனால் ஸ்டீராய்டு உள்ளே போனதும் தமனிச் சுவரின் வீக்கம் இறங்கத் தொடங்கிவிடும். அல்ட்ராசவுண்டை, எம்.ஆர்.ஐ.யை ஒரு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும். கதிரியக்கச் சர்க்கரையைச் செலுத்தி எடுக்கும் பெட் ஸ்கேனுக்கு 72 மணி நேரம்தான். பெரிய தமனிகள் பாதிக்கப்பட்டவர்களைக் கொண்டு நடந்த ஒரு சிறிய ஆய்வில், மூன்றாம் நாள் மறுபடி பெட் எடுத்த 10 பேருக்கும் நோய் தெரிந்தது. பத்தாம் நாள் எடுத்த 14 பேரில் 5 பேருக்கு மட்டுமே தெரிந்தது.

நெற்றிப்பொட்டுத் தமனியின் வீக்கம் விரைவாக வடியும், அக்குள் தமனியுடையது மெதுவாக வடியும். தாமதமாக வந்தவரை "இனிப் பயனில்லை" என்று திருப்பி அனுப்பாமல் அக்குளைப் பாருங்கள். முதல் மாத்திரை எந்தத் தேதியில், எத்தனை மில்லிகிராம் என்பது ரிப்போர்ட்டின் முதல் வரியில் இருக்க வேண்டும். அது இல்லாத சுத்தமான ஸ்கேனை நான் சுத்தம் என்று ஏற்பதில்லை.

3. எந்த ஸ்கேன், யாருக்கு

ஜயன்ட் செல் ஆர்டெரைட்டிஸ் சந்தேகத்தில் முதல் சோதனை நெற்றிப்பொட்டு, அக்குள் தமனிகளின் அல்ட்ராசவுண்ட். யூலார் என்ற ஐரோப்பிய வாதநோய்க் கூட்டமைப்பு 2023-இல் புதுப்பித்த பரிந்துரையும் இதையே சொல்கிறது. கதிர்வீச்சு கிடையாது, மருந்து ஏற்ற வேண்டியதில்லை, நோயாளி உட்கார்ந்த அன்றே விடை கிடைக்கும். அதைச் செய்யத் தெரிந்தவர் இல்லையென்றால் எம்.ஆர்.ஐ. அல்லது பெட்.

காய்ச்சலும் எடை இழப்பும் இருக்கின்றன, தலைவலியே இல்லை, சி.ஆர்.பி. மட்டும் ஏறிக்கிடக்கிறது என்றால் பெட் நல்ல தேர்வு. பெருந்தமனியைக் காட்டும். தொற்று, புற்றுநோய் எதுவும் மறைந்திருந்தால் அதையும் காட்டிவிடும்.

தக்காயாசு சந்தேகத்தில் முதலில் எம்.ஆர்.ஐ. நோயாளிகள் இளையவர்கள், ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பப் படம் எடுக்க வேண்டியவர்கள் என்பதால் கதிர்வீச்சைத் தவிர்ப்பது நல்லது. கழுத்துத் தமனியில் அல்ட்ராசவுண்டும் உதவும். பொதுக் கழுத்துத் தமனியின் சுவர் நீளமாகவும் சீராகவும் சுற்றிலும் தடித்து, குழாய் மக்ரோனிபோலத் தெரிவது இந்த நோயின் பெயர்பெற்ற தோற்றம்.

எதில் ஸ்கேன் உதவாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆன்கா என்ற எதிர்ப்பொருள் சார்ந்த அழற்சி போன்றவை பெரும்பாலும் சிறிய குழாய்களைத் தாக்குபவை. அந்தச் சுவர்களைக் காட்டும் நுணுக்கம் எந்த ஸ்கேனுக்கும் இல்லை. அங்கே நாம் படம் எடுப்பது நுரையீரலையும் சைனஸையும்தான், குழாயை அல்ல. நடுத்தரக் குழாய்களைத் தாக்கும் பாலிஆர்டெரைட்டிஸ் நொடோசாவில் சிறுநீரகத்துக்கும் குடலுக்கும் போகும் தமனிகளில் சிறுசிறு புடைப்புகளைத் தேட வேண்டும். அதற்கு ஆஞ்சியோகிராம் வேண்டும்.

4. கருவியைத் தயார் செய்யுங்கள்

நெற்றிப்பொட்டுத் தமனி தோலுக்கு அடியில் சில மில்லிமீட்டரில் ஓடுவது. அதன் சுவரோ ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. வயிற்றுக்கு வைத்திருக்கும் புரோபால் இதைப் பார்க்க முடியாது. குறைந்தது 15 மெகாஹெர்ட்ஸ் தரும் லீனியர் புரோப் தேவை. 18-க்கு மேல் இருந்தால் சுவரின் படலங்கள் தெளிவாகப் பிரியும். அக்குளுக்கு 7 முதல் 15 மெகாஹெர்ட்ஸ் போதும்.

ஆழத்தை நெற்றிப்பொட்டுக்கு 10 முதல் 20 மி.மீ., அக்குளுக்கு 30 முதல் 40 மி.மீ. என்று வையுங்கள். நெற்றிப்பொட்டுக்கு ஃபோகஸைத் தோலிலிருந்து 5 மி.மீ. அளவில் நிறுத்துங்கள். ஆழத்தைக் குறைக்க மறப்பது புதியவர்களின் முதல் தவறு. தமனி திரையின் உச்சியில் கடுகாகக் கிடக்கும், அதில் போய் அளவெடுப்பார்கள்.

அடுத்தது, இரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் கலர் டாப்ளர். இங்கேதான் நிறைய பேர் தடுக்கி விழுகிறார்கள். பி.ஆர்.எஃப்., அதாவது கருவி ஒலித்துடிப்புகளை அனுப்பும் வேகம், நெற்றிப்பொட்டுக்கு 2 முதல் 3.5 கிலோஹெர்ட்ஸ், அக்குளுக்கு 3 முதல் 4. கலர் கெயினை, அதாவது நிறத்தின் பெருக்கத்தை, முதலில் உயர்த்தி, நிறம் குழாயை விட்டு வெளியே சிந்தும்வரை போங்கள். பிறகு மெல்லக் குறைத்து, நிறம், இரத்தம் ஓடும் உட்குழிக்குள் சரியாக அடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். கெயின் அதிகமானால் நிறம் சுவரின் மேல் வழிந்து உண்மையான வீக்கத்தை மூடிவிடும். குறைவானாலோ, பி.ஆர்.எஃப். ஏறிப்போனாலோ, ஓரமாக ஓடும் மெதுவான இரத்தம் நிறம் பெறாமல் கறுப்பாக நிற்கும், அதை வீக்கம் என்று நினைத்துவிடுவோம். தவறு இரண்டு பக்கமும் இருக்கிறது. நீளவாட்டில் பார்க்கும்போது கலர் பெட்டியைச் சாய்த்து, ஒலிக்கற்றைக்கும் தமனிக்கும் இடையிலான கோணத்தை 60 டிகிரிக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த அமைப்பைக் கருவியில் தனிப்பெயரிட்டுச் சேமித்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் கைக்கு வந்தபடி திருகினால் போன மாதப் படத்தோடு இந்த மாதப் படத்தை ஒப்பிட முடியாது.

5. நோயாளியைப் படுக்க வைப்பது

மல்லாந்து படுக்க வைத்து, தலையை மறுபக்கம் லேசாகத் திருப்பச் சொல்லுங்கள். முடியை மழிக்க வேண்டாம், ஜெல் தாராளமாக இருந்தால் போதும். முன்கூட்டியே தலைக்கு எண்ணெய் வைக்க வேண்டாம் என்று சொல்லி வைத்தால் உங்களுக்கும் புரோபுக்கும் நல்லது. தொட்டாலே வலிக்கும் இடத்தைத்தான் தொடப்போகிறோம் என்பதையும் முதலில் சொல்லிவிடுங்கள்.

6. நெற்றிப்பொட்டுத் தமனியைத் தொடர்ந்து செல்லுங்கள்

தமனி தொலைந்துபோவது பெரும்பாலும் தொடங்கும் இடம் தவறுவதால்தான். காதின் முன்மடலுக்குச் சற்று முன்னே புரோபைக் குறுக்குவாட்டில் வையுங்கள். துடிக்கும் சிறிய வட்டம் தெரியும். அதுதான் பொதுத் தண்டு. பக்கத்திலேயே சிரை ஒன்று ஓடும். லேசாக அழுத்தினால் மறைவது சிரை, அழுத்தத்தைத் தாங்கித் துடிப்பது தமனி.

அங்கிருந்து மேலே நகருங்கள். கன்ன எலும்பு வளைவைத் தாண்டிய பிறகு தண்டு இரண்டாகப் பிரியும். ஒன்று நெற்றிப் பக்கம், மற்றொன்று உச்சிப் பக்கம். ஒரு கிளையைக் கடைசிவரை பார்த்துவிட்டுப் பிரிவுக்குத் திரும்பி, மற்றதைத் தொடருங்கள். பிரிவுக்குத் திரும்பாமல் தலையில் தோராயமாகத் தேடுகிறவர்கள் ஒரே கிளையை இரண்டு முறை பார்த்துவிட்டு இரண்டும் முடிந்தது என்று எழுதுவார்கள்.

முழு நீளமும் பார்க்க வேண்டும். இந்த அழற்சி விட்டுவிட்டு வரும். ஒரு சென்டிமீட்டர் சுத்தமாக இருந்து, அடுத்த சென்டிமீட்டரில் சுவர் வீங்கிக் கிடக்கும். பயாப்ஸி சில நேரம் ஏமாற்றுவதும் இதனால்தான். நம் கையில் புரோப் இருக்கும்போது அந்தத் தவறைத் திரும்பச் செய்ய வேண்டியதில்லை.

கையைப் பற்றி ஒரு சம்பவம். பயிற்சிக்கு வந்த ஒருவர் பத்து நிமிடம் தேடிவிட்டுத் தமனியே இல்லை என்றார். அருகே போய்ப் பார்த்தேன். அவர் விரல் நுனி வெளுத்திருந்தது, நோயாளியின் தோலில் புரோபின் விளிம்பு பதிந்திருந்தது. அந்த அழுத்தத்தில் தமனி தட்டையாகிப் போயிருந்தது. அவர் மணிக்கட்டைப் பிடித்து ஒரு நூலளவு உயர்த்தினேன். தோலுக்கும் புரோபுக்கும் இடையே ஜெல் ஒரு மெல்லிய கறுப்புப் பட்டையாகத் தெரிந்தது, அதன் கீழே தமனி உருண்டு எழுந்தது. அன்றிலிருந்து எல்லோருக்கும் சொல்வது இதுதான்: திரையின் உச்சியில் ஜெல் பட்டை தெரிய வேண்டும், தெரியாவிட்டால் அழுத்துகிறீர்கள். சுண்டுவிரலை நோயாளியின் கன்னத்தில் ஊன்றிக்கொண்டால் கை தானே லேசாகிவிடும்.

7. ஹாலோவை அடையாளம் காணுங்கள்

நாம் தேடுவதன் பெயர் ஹாலோ. ஒளிவட்டம் என்று மொழிபெயர்த்தால் நேர் எதிர்ப் பொருள் வந்துவிடும், ஏனென்றால் திரையில் அது இருண்ட வளையம். கருவளையம் என்றால் கண்ணுக்குக் கீழே வருவதை நினைப்பார்கள். ஆகவே ஹாலோ என்றே இருக்கட்டும்.

வீங்கிய சுவரில் நீர் கோத்திருப்பதால் ஒலி அதிகம் எதிரொலிக்காமல் அந்த இடம் இருளும். ஹாலோ என்று சொல்ல நான்கு குணங்கள் வேண்டும். இருள் ஒரே சீராக இருக்க வேண்டும். உட்குழிப் பக்கம் எல்லை தெளிவாக இருக்க வேண்டும். பெரும்பாலும் குழாயைச் சுற்றிலும் இருக்கும். குறுக்குவாட்டிலும் நீளவாட்டிலும் தெரிய வேண்டும். கடைசிக் குணத்தைத்தான் புதியவர்கள் கைவிடுகிறார்கள். குறுக்குவாட்டில் ஒரு வளையம் தெரிந்தவுடன் படத்தைச் சேமித்துவிடுவார்கள். புரோபைத் திருப்பினால் அது வளைந்த தமனியின் சாய்ந்த வெட்டு என்று தெரியும்.

கலரில் கண்டதைக் கலர் இல்லாமலும் காணுங்கள். கலரை அணைத்தபின் கறுப்பு வெள்ளைப் படத்தில் சுவர் தடித்துத் தெரியவில்லை என்றால், நீங்கள் பார்த்தது கருவியின் அமைப்பை, நோயை அல்ல.

8. அழுத்திப் பாருங்கள்

இப்போது மட்டும் வேண்டுமென்றே அழுத்துங்கள். துடிப்பு நிற்கும்வரை புரோபை மெல்ல இறக்குங்கள். நல்ல தமனி சுற்றியுள்ள திசுவோடு கலந்து மறைந்துவிடும். வீங்கிய சுவர் மறையாது. இருண்ட பட்டையாகத் திரையில் அப்படியே நிற்கும்.

இந்தச் சோதனையை எனக்குப் பிடிக்கும். கலர் கெயினோ பி.ஆர்.எஃப். அளவோ இதில் தலையிட முடியாது. இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்தாலும் விடை பெரும்பாலும் ஒன்றாகவே வரும். எல்லா ஆறு இடங்களிலும், அதாவது இருபக்கமும் தண்டு, நெற்றிக் கிளை, உச்சிக் கிளை, செய்துவிடுங்கள்.

9. அளவெடுங்கள்

கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் ஹாலோவுக்கு அளவு தேவையில்லை என்று சொல்பவர்கள் உண்டு. முதல் நாளுக்கு அது சரி. மூன்று மாதம் கழித்துக் குறைந்திருக்கிறதா என்று கேட்கும்போது எண் வேண்டும்.

அளப்பது உட்சுவரும் நடுச்சுவரும் சேர்ந்த தடிமன். தமனி நன்றாகத் தெரியும் நீளவாட்டுப் படத்தில், புரோபிலிருந்து தள்ளியிருக்கும் சுவரில் எடுங்கள். நோயுள்ளவர்களையும் இல்லாதவர்களையும் பிரிக்க அதிகம் எடுத்தாளப்படும் எல்லைகள் இவை: பொதுத் தண்டு 0.42 மி.மீ., நெற்றிக் கிளை 0.34 மி.மீ., உச்சிக் கிளை 0.29 மி.மீ., முகத் தமனி 0.37 மி.மீ., அக்குள் தமனி 1.0 மி.மீ.

0.29-க்கும் 0.31-க்கும் உள்ள வேறுபாடு கர்சரை வைக்கும் விரலின் நடுக்கத்தில் அடங்கிவிடும். எல்லையைத் தொட்டு நிற்கும் எண்ணை வைத்து யாருக்கும் நோய்ப்பெயர் சூட்டாதீர்கள். மூன்று முறை அளந்து, அழுத்துச் சோதனையோடும் நோயாளி சொன்னதோடும் சேர்த்துப் படியுங்கள். படத்தைப் பெரிதாக்கிய பிறகே கர்சரை வையுங்கள்.

10. அக்குளை விட்டுவிடாதீர்கள்

தலை சுத்தமாக இருந்தால் பலர் ஜெல்லைத் துடைத்துவிடுகிறார்கள். எழுபதைத் தாண்டிய ஒருவருக்கு நெற்றிப்பொட்டில் ஆறு இடமும் மறுப்பதற்கில்லாத சுத்தம். தலைவலியும் இல்லை. களைப்பும் எடை இழப்பும் மட்டும். கையைத் தூக்கச் சொல்லி அக்குளில் வைத்ததும் திரையில் சுவர் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல், இருபக்கமும் ஒரே மாதிரி. அந்த இரண்டு நிமிடம் இல்லையென்றால் அவர் இன்னும் சில மாதம் வேறு துறைகளில் அலைந்திருப்பார்.

கையை உடலிலிருந்து விலக்கித் தலைப்பக்கம் உயர்த்தச் சொல்லுங்கள். தோள்வலி உள்ளவருக்கு முழுதாக உயராது, முடிந்தவரை போதும். அக்குள் குழியில் புரோபை நீளவாட்டில் வைத்து, மேல்கைத் தமனியிலிருந்து உள்நோக்கித் தொடருங்கள். அழற்சி உள்ள சுவர் மெல்ல மெல்லத் தடித்து, மெல்ல மெல்லக் குறையும், சரிவுப் பாதைபோல. கொழுப்புப் படிவோ திடீரென்று எழுந்து திடீரென்று முடியும் மேடு.

அக்குளும் ஐயத்துக்கு இடமாக இருந்தால் காறை எலும்புக்குக் கீழும் மேலும் உள்ள தமனி, கழுத்துத் தமனி, முகத் தமனி என்று விரிவாக்கலாம்.

11. போலிகளைப் பிரித்தறியுங்கள்

முதலிடம் கொழுப்புப் படிவுக்கு. வயதானவர், இரத்த அழுத்தக்காரர், புகைபிடித்தவர் என்றால் சுவர் இயல்பாகவே தடித்திருக்கும். அந்தத் தடிப்பு சீரற்றது, ஒரு பக்கமாகச் சாய்ந்தது, இடையிடையே சுண்ணாம்புப் புள்ளிகள் பளிச்சிடும். ஹாலோவின் ஒரே சீரான இருட்டு அங்கே இருக்காது. இப்படிப்பட்டவருக்கு அக்குளில் 1.0-ஐச் சற்றுத் தாண்டிய எண்ணை ஐயத்தோடு பாருங்கள்.

இரண்டாவது, உண்மையான ஹாலோ, ஆனால் வேறு நோய். ஆன்கா சார்ந்த அழற்சி, அமிலாய்டு என்ற புரதப் படிவு, லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய், சில தொற்றுகள் நெற்றிப்பொட்டில் இதே தோற்றத்தைத் தரக்கூடும். சிகிச்சைக்குச் சரியாக இணங்காதவரிடம், சிறுநீரில் புரதமோ இரத்தமோ போகிறவரிடம் படம் தெளிவாக இருந்தாலும் பயாப்ஸி கேளுங்கள்.

மூன்றாவது, நாமே உண்டாக்கும் போலி. சாய்வாக வெட்டப்பட்ட தமனி தடித்துத் தெரியும். கிளை பிரியும் இடத்தில் சுவர் இரட்டிப்பாகத் தெரியும். அந்த இரண்டு இடங்களிலும் அளவெடுக்காதீர்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. சுத்தமான ஸ்கேன் நோயை முற்றிலும் விலக்காது. 381 பேரிடம் ஸ்கேனையும் பயாப்ஸியையும் ஒப்பிட்டு 2016-இல் வெளியான டாபுல் ஆய்வில், ஸ்கேன் நோயாளிகளில் 54 விழுக்காட்டினரிடமும் பயாப்ஸி 39 விழுக்காட்டினரிடமும் மட்டுமே நோயைக் காட்டின. இரண்டுமே தனியாக நின்று நோயை மறுக்கப் போதாதவை. ஸ்கேன் செய்பவரின் பயிற்சியும் அந்த எண்ணை ஏற்றி இறக்கும்.

12. எம்.ஆர்.ஐ. கேட்கும்போது

"மூளைக்கு எம்.ஆர்.ஐ." என்று எழுதினால் மூளைக்குத்தான் எடுப்பார்கள், தமனிச் சுவர் தெரியாது. தலைத் தமனிகளின் சுவரைப் பார்க்க வேண்டும், கொழுப்பை அடக்கிய டி1 படம், காடோலினியம் மருந்துக்கு முன்னும் பின்னும், முடிந்தால் 3 டெஸ்லா கருவியில் என்று விரித்து எழுதுங்கள். கொழுப்பை அடக்கச் சொல்வதற்குக் காரணம், டி1 படத்தில் தோலடிக் கொழுப்பு வெள்ளையாகப் பளிச்சிடும், மருந்தை உறிஞ்சி வெளுத்த சுவரும் அதே வெள்ளை. கொழுப்பை இருட்டாக்கினால்தான் சுவர் தனித்துத் தெரியும்.

சுவர் தடித்து, மருந்தை உறிஞ்சியிருந்தால் அழற்சி. முன்கூட்டியே சிறுநீரகச் செயல்பாடு, இதயத்தில் பேஸ்மேக்கர், உடலில் உலோகம் ஆகியவற்றைக் கேட்டுவிடுங்கள்.

13. பெட் ஸ்கேனுக்குத் தயாரிப்பு

அழற்சி அணுக்கள் சர்க்கரையை அள்ளிக் குடிக்கும். கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரையைச் செலுத்தி, அது எங்கே சேர்கிறது என்று பார்ப்பதுதான் பெட். ஆகவே உடலில் ஏற்கெனவே சர்க்கரை கூடியிருந்தால் படம் கெடும். குறைந்தது 6 மணி நேரம் பட்டினி, தண்ணீர் குடிக்கலாம். இரத்தச் சர்க்கரை 126 மில்லிகிராமுக்குக் கீழே இருப்பது நல்லது, 180 வரை சமாளிக்கலாம். ஸ்டீராய்டு தொடங்கியவர்களுக்குச் சர்க்கரை ஏறியிருக்கும், காலையில் ஒரு முறை சோதித்துவிட்டு அனுப்புங்கள். முந்தைய நாள் கடும் உடற்பயிற்சி வேண்டாம், தசைகள் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும்.

அந்தச் சர்க்கரையைச் செலுத்திக் குறைந்தது 60 நிமிடம் கழித்தே படம். தலையிலிருந்து முழங்கால்வரை எடுக்கச் சொல்லுங்கள். தலையை விட்டுவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது.

படிக்கும்போது தமனிச் சுவரைக் கல்லீரலோடு ஒப்பிடுங்கள். எதுவும் சேரவில்லை என்றால் 0, கல்லீரலைவிடக் குறைவு 1, சமம் 2, அதிகம் 3. 3 என்றால் அழற்சி, 2 என்றால் சாத்தியம். சீராக, நீளமாக ஓடும் ஒளிர்வு அழற்சிக்கு உரியது. தொடைத் தமனியில் மட்டும் திட்டுத்திட்டாகத் தெரிவது பெரும்பாலும் கொழுப்புப் படிவு. தோள், இடுப்பு மூட்டுகளைச் சுற்றி ஒளிர்ந்தால் பாலிமயால்ஜியா ருமாட்டிகாவும் சேர்ந்திருக்கிறது.

14. சி.டி., ஆஞ்சியோகிராம்

பெருந்தமனியின் சுவரையும் உட்குழியையும் ஒரே மூச்சில் பார்க்க சி.டி. ஆஞ்சியோ போதும். சுவரைப் பற்றிக் கேட்கிறோம் என்று எழுதாவிட்டால் உட்குழியை மட்டும் பார்த்து "அடைப்பு இல்லை" என்று அனுப்பிவிடுவார்கள். மருந்து ஏற்றிய பிறகு சற்றுத் தாமதமாக எடுக்கும் இரண்டாம் கட்டப் படத்தில்தான் சுவர் வெளுத்துக் காட்டும். கதீட்டர் வழியே செய்யும் ஆஞ்சியோகிராம் பெரிய குழாய் அழற்சியைக் கண்டுபிடிக்க இப்போது தேவையில்லை. அது உட்குழியின் நிழலை மட்டுமே காட்டுவது. அடைப்பைத் திறக்கும் சிகிச்சை செய்வதானால் தேவைப்படும்.

15. ரிப்போர்ட்

"ஹாலோ தெரிகிறது" என்ற ஒற்றை வரி அடுத்தவருக்கு உதவாது. ஸ்டீராய்டு எத்தனையாவது நாள், ஸ்கேனுக்கு முன்பிருந்த சந்தேகத்தின் அளவு, எட்டு இடங்களிலும் சுவரின் தடிமன், அழுத்துச் சோதனை, கொழுப்புப் படிவு இருக்கிறதா, எந்தப் பகுதி பார்க்க முடியாமல் போனது என்று எழுதுங்கள். கடைசியில் ஒரு வாக்கியத்தில் உங்கள் கருத்து: அழற்சிக்குப் பொருந்துகிறது, பொருந்தவில்லை, முடிவு சொல்ல முடியவில்லை. மூன்றாவதை எழுத வெட்கப்பட வேண்டியதில்லை. அதை எழுதத் துணியாமல் முதலாவதை எழுதிவிட்டால், ஒருவர் தேவையில்லாமல் மாதக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிடுவார்.

16. மறுபடி எப்போது

அறிகுறி இல்லாமல், சி.ஆர்.பி. இயல்பாக இருப்பவருக்கு வழக்கமாக ஸ்கேன் செய்துகொண்டே இருக்க வேண்டாம். மருந்தைக் குறைக்கும்போது தலைவலியோ தாடை வலியோ திரும்பினால், இரத்தச் சோதனையும் அறிகுறியும் ஒத்துப்போகாவிட்டால் செய்யுங்கள். அதே புரோப், அதே சேமித்த அமைப்பு, முதல் நாள் படம் பக்கத்தில். நெற்றிப்பொட்டில் சில வாரங்களில் வடிந்திருக்கும் சுவர் மறுபடி தடித்திருந்தால் நோய் திரும்பியதற்கு அது வலுவான சான்று.

அக்குளை அப்படிப் படிக்காதீர்கள். அங்கே சுவர் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் தடித்தே இருக்கும். நோய் தணிந்த பிறகு மிஞ்சும் தழும்பாகவும் அது இருக்கலாம். 1.4 மி.மீ. என்று முதல் நாள் எழுதியது ஆறு மாதம் கழித்து 1.3 என்றால், நோயாளி நலமாக இருந்தால், மருந்தைக் கூட்ட வேண்டாம். பெருந்தமனி பாதிக்கப்பட்டவருக்கு வேறொரு கணக்கு இருக்கிறது: அழற்சி அடங்கிப் பல ஆண்டுகள் கழித்தும் அந்தச் சுவர் பலூன்போலப் புடைக்கலாம். அவருக்கு எம்.ஆர். அல்லது சி.டி. ஆஞ்சியோவை எத்தனை காலத்துக்கு ஒருமுறை எடுப்பது என்பதை முதல் ஆண்டிலேயே அவரோடு பேசி, கோப்பின் முதல் பக்கத்தில் தேதியோடு எழுதி வையுங்கள்.